லேசாகச் சுற்றும் சக்கரம்

ஒவ்வொரு ஆண்டும் ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை நடத்துகிறேன். தாமிரக் கம்பிச் சுருள், சட்டக் காந்தம், கால்வனாமீட்டர், அவ்வளவுதான் சாமான். காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தால் முள் அசையும். காந்தத்தை அப்படியே வைத்துவிட்டுச் சுருளை நகர்த்தினாலும் அசையும். எது நகர்ந்தது என்று முள் விசாரிக்காது, ஒன்றைப் பொறுத்து இன்னொன்று நகர்ந்தால் அதற்குப் போதும். சார்பு இயக்கம் என்று கரும்பலகையில் பெரிதாக எழுதி அடிக்கோடு போடுவேன். மூன்றாவதாக ஒரு சோதனை உண்டு. காந்தத்தைச் சுருளுக்குள்ளேயே வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடப்பேன். முள் செத்த பாம்பாகக் கிடக்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். இப்போது அதை மட்டும் நடந்து காட்டுவதில்லை. வாயால் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன்.

திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர் நான். வீடு எண்ணூரில், இரண்டாவது மாடியில், ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும். என் கணவர் அனல் மின் நிலையம் ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். எந்திரத்தை நிறுத்திப் பிரித்துப் போடும்போது உள்ளே இறங்கித் துடைக்கிற கும்பலில் ஒருவர். எழுதுவதால் 'அவர்' என்கிறேன். வீட்டில் நீ, வா, போதான். கோபம் வந்தால் யோவ். எனக்கு அடிக்கடி கோபம் வரும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் இந்தப் பாடத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்கும்மே இவ்ளோ பில்டப்பு? எங்க ஜெனரேட்டருல நடுவுல ரோட்டாரு சுத்திகினு கீது. அத்த சுத்தி ஸ்டேட்டரு சொம்மா நின்னுகினு கீது. அவ்ளோதான் மேட்டரு."

"எது சுத்துது, எது நிக்குதுன்னு யார்யா சொல்றது?" என்று டீச்சர் புத்தியைக் காட்டினேன்.

"கரெக்ட்டு. ரோட்டாரு மேல ஒருத்தன குந்த வெச்சா, அவனுக்கு வெளிய கீறதுதான் சுத்தும்."

"அவனுக்குத் தலை சுத்தும்யா. அத்த வெச்சே நாமதான் சுத்தறோம்னு கண்டுபுடிச்சிருவான்."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் விடவில்லை. பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நிற்கும்போது பக்கத்துத் தண்டவாளத்து ரயில் நகர்ந்தால், நம் வண்டி புறப்பட்டுவிட்டதாக நினைத்துக் கம்பியைப் பிடிப்போம். நேராகச் சீராகப் போகிறவனுக்குத்தான் அந்தக் குழப்பம், வட்டத்தில் சுற்றுகிறவனுக்கு உடம்பே சொல்லிவிடும் என்று விளக்கினேன். சோறு ஆறுகிற வரைக்கும் சண்டை போட்டோம். அதற்கெல்லாம் சண்டை போட அப்போது நேரம் இருந்தது.

அப்புறம் அவருக்கு மூச்சுத் திணறல் வந்தது. முதலில் படியேறும்போது, பிறகு சட்டை மாட்டும்போது, பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. சாம்பலா, நிலக்கரித் தூளா, அவர் இழுத்துத் தள்ளிய பீடியா என்று டாக்டர் பிரித்துச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் வெள்ளைத் துணியை மொட்டை மாடியில் காயப் போடுகிறவள் பைத்தியக்காரி. பீடிதான் காரணம் என்று உறவுக்காரர்கள் யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கை துறுதுறுக்கும். பீடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் சொன்னபோதும் துறுதுறுத்தது. நுரையீரல் போனது போனதுதான், இனி திரும்பாது என்பதை மட்டும் எல்லா டாக்டர்களும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. அறையின் காற்றை உறிஞ்சி, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற பெட்டி. கட்டிலோரம் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். அந்த உறுமல் பழகிவிட்டது. பழகாதது, கரண்ட் போன உடனே அது வீல் வீலென்று கத்துகிற கத்தல். கரண்ட் இருக்கிற வரை அவர் இருப்பார் என்கிற விஷயம் அந்தக் கத்தலில்தான் எங்களுக்கு உறைத்தது. இன்வெர்ட்டர் வாங்கி வைத்தோம். மெஷின் தின்கிற தீனிக்கு அது ஒரு சினிமா பார்க்கிற நேரம் தாங்கும். அதற்குப் பிறகு சின்ன சிலிண்டர் ஒன்று. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிரே புகைபோக்கிகள். ஊருக்கே கரண்ட் செய்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு கரண்டுக்குப் பயந்து செத்தோம்.

நான் பள்ளிக்கு ஓடினேன், மருந்துக்கடைக்கு ஓடினேன், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வீடு திரும்பினால் அவர் விட்ட இடத்திலேயே இருப்பார், தலையணையில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு.

"இன்னா டீச்சர், நான் நின்னுகினு கீறேன். நீதான் என்ன சுத்திகினே கீற. தலை சுத்துதா?"

"சுத்துது."

"அப்ப நீதான் சுத்தற. அன்னிக்கு நீ சொன்னது கரெக்ட்டு."

சிரிக்க வைக்கப் பார்க்கிறார் என்று தெரியும். எனக்குச் சிரிப்பு வராது, ரேஷன் அரிசியைக் களைய உட்கார்ந்துவிடுவேன்.

என் கொழுந்தன் வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுகிறான். அண்ணனைப் பார்க்க வரும்போதெல்லாம் காயலாங்கடையிலிருந்து ஏதாவது பழைய சாமானைத் தூக்கிக்கொண்டு வருவான். ஒருமுறை இறக்கை இல்லாத சீலிங் ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்தான். சீலிங் ஃபேனில் எல்லாம் தலைகீழ். நடுவில் இருக்கிற கம்பிச் சுருள் தண்டோடு சேர்ந்து அசையாமல் தொங்கும், அதைச் சுற்றியுள்ள வெளிக்கூடுதான் இறக்கைகளோடு சுழலும். இப்போது வருகிற கரண்ட் மிச்சம் பிடிக்கும் ஃபேன்களில் அந்தக் கூட்டின் உட்புறம் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவன் கொண்டுவந்ததும் அந்த ரகம்தான். கரண்ட் கொடுத்தால் அது சுற்றும். நாம் அதைச் சுற்றினால் அது கரண்ட் கொடுக்கும்.

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு சுறுசுறுப்பைப் பார்த்தேன். பழைய சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தலாம், பின்சக்கரத்தின் டயரைக் கழற்றிவிட்டு பெல்ட் போட்டு ஃபேனைச் சுற்றலாம், கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஏற்றலாம் என்று மூச்சு வாங்க வாங்கத் திட்டம் போட்டார். நான் மனக்கணக்கு போட்டுப் பார்த்தேன். அந்த மெஷினுக்குத் தீனி போட வேண்டுமானால் நாலைந்து பேர் இடைவிடாமல் மிதிக்க வேண்டும். வீட்டில் இருப்பது நான் ஒருத்தி.

"இது ஆவாதுய்யா," என்றேன்.

"தெரியும். மெஷின ஓட்டாது. கால் மணி எக்ஸ்ட்ராவா வந்தா வந்த வரைக்கும் லாபம்தானே?"

கால் மணி நேர மூச்சை லாபம் என்று பேசுகிற இடத்துக்கு வந்துவிட்டோமே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைக் கோபமாக்கி, வீட்டைக் காயலாங்கடை ஆக்காதே என்று கத்தினேன். எனக்கு அப்படித்தான் வரும்.

எங்கள் பக்கத்தில் இரும்புச் சாமான் எது வீட்டுக்குள் வந்தாலும் முதல் வேலை கிரீஸ் தடவுவதுதான். உப்புக் காற்றுக்குச் சாம்பலும் துணை சேர்ந்தால் இரும்பு தாங்காது. மழைக்காலத்துக்கு முன்னால் தெருவே கிரீஸ் டப்பாவோடு உட்கார்ந்துவிடும், கதவுக் கீல், கேட்டுத் தாழ்ப்பாள், அடிபம்புக் கைப்பிடி எதையும் விடமாட்டார்கள். அவரும் ஃபேனை மடியில் செய்தித்தாள் விரித்து வைத்துக்கொண்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தண்டு முழுக்க கிரீஸ் தேய்த்தார். ஒரு இடம் விடவில்லை. கொழுந்தன் அந்தத் தண்டை இரும்புச் சட்டத்தில் வைத்து கிளாம்ப் போட்டு முடுக்கினான். சைக்கிளின் முன்பக்கத்தை ஜன்னல் கம்பியோடு கட்டினோம், அறையில் வேறு இடமில்லை. ஏறி உட்கார்ந்தால் முகம் ஜன்னலைப் பார்க்கும், முதுகு கட்டிலைப் பார்க்கும். வயர் மட்டும், கரண்டை ஒரே திசையில் விடுகிற டயோடு வழியாக, கட்டிலடியில் இருந்த பேட்டரி வரைக்கும் போயிற்று.

சோதித்துப் பார்க்கச் சின்ன பல்பு ஒன்றையும் வயரில் மாட்டினோம். கொழுந்தன் ஏறி மிதித்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"அண்ணே, சூப்பரா சுத்துதுண்ணே! வெண்ணெ மாரி கீது!"

பல்பு ஒரே ஒரு முறை கண் சிமிட்டியது. அப்புறம் இல்லை. அவன் இன்னும் வேகமாக மிதித்தான். கூடு பறந்தது, சத்தமே இல்லை, பல்பு மட்டும் எரியவில்லை. காந்தம் செத்துப்போன ஃபேனைத் தலையில் கட்டிவிட்டான் என்று காயலாங்கடைக்காரனை வாசலில் இருந்தவர்கள் திட்ட ஆரம்பித்தார்கள். நான் தண்டைப் பார்த்தேன். தண்டின் துளை வழியாக வெளியே வருகிற வயர்கள் சடைபோல முறுக்கிக்கொண்டே போயின.

"நிறுத்துடா!" என்று கத்தினேன்.

கிரீஸில் வழுக்கி, தண்டு கிளாம்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. பேரிங்கில் துரு வேறு, கூடு சுற்றும்போது தண்டையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நிற்க வேண்டிய நடுச்சுருள், காந்தக் கூட்டோடு சேர்ந்து அதே வேகத்தில் சுற்றியிருக்கிறது. எங்களுக்கு அது பறந்தது. ஆனால் சுருளின் மேல் ஒருவன் உட்கார்ந்து பார்த்திருந்தால் அவனுக்குக் காந்தம் அசையவே இல்லை. அவனுக்கு அசையாத வரைக்கும் கரண்டும் கிடையாது.

"மூணாவது எக்ஸ்பெரிமெண்ட்டு!" என்று கட்டிலிலிருந்து அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, உதடு கருத்து, முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. மூச்சு வந்ததும் மறுபடி சிரித்தார். "சோடியா சுத்துனா ஒண்ணியும் கெடைக்காதும்மே. ஒருத்தன் நின்னாதான் உண்டு."

மண்ணெண்ணெய் போட்டுத் தண்டின் கிரீஸையும் பேரிங்கின் துருவையும் துடைத்தோம். தண்டின் ஒரு பக்கத்தை அரத்தால் தட்டையாக ராவி, அதன்மேல் போல்ட்டை இறக்கினான் கொழுந்தன். இந்த முறை மிதித்தபோது அவனுக்கு வேர்த்துவிட்டது. பல்பு மஞ்சளாக எரிந்தது.

"இன்னா அண்ணி, இப்ப காலப் புடிச்சி இழுக்குது?"

"அதான்டா கரண்டு. நீ எடுக்கற கரண்டே உன்னத் தடுக்கும். கனமா இருந்தா போய்ச் சேருதுன்னு அர்த்தம். லேசா சுத்துனா ஒண்ணும் போவலன்னு அர்த்தம்."

பாடம் நடத்துகிற பழக்கத்தில் சொன்னேன். கட்டிலில் இருந்தவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு ஐப்பசி முடிகிற சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் தெருவுக்குள் புகுந்த அன்றைக்குச் சாயங்காலம் அவர் போய்விட்டார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரைக்கும் ஒளித்து வைக்க எனக்குத் தெம்பில்லை.

அன்று காலையில் தண்ணீர் இடுப்பளவு ஏறியது. டிரான்ஸ்பார்மர் முனையில் பச்சையாக ஒரு வெளிச்சம், ஒரு வெடிச்சத்தம். மெஷின் கத்த ஆரம்பித்தது. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது, ஒரு சினிமா முடிகிற நேரத்தில் அதுவும் ஓய்ந்தது. சிலிண்டரைத் திறந்தோம். முந்தின நாளே வந்து தங்கியிருந்த கொழுந்தன், வேறு சிலிண்டர் தேடித் தண்ணீருக்குள் இறங்கிப் போனான். நனைந்த கோழியாக வெறுங்கையோடு திரும்பினான், கடைகளுக்குள்ளேயே தண்ணீர். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டுக்கொண்டே இருந்தேன். சுரங்கப்பாதை முழுகிவிட்டது, சுற்றி வருகிறோம் என்றார்கள். எந்தப் பக்கமாகச் சுற்றி வருவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, சிலிண்டரில் மிச்சமிருந்த காற்றோடு, தெருப் பையன்கள் நாலு பேர் அவரைத் தூக்கிப் படியிறங்கினார்கள். முதல் வளைவிலேயே தலை தொங்கிவிட்டது. திரும்பத் தூக்கி வந்து கட்டிலில் சாய்த்தோம்.

மதியம் சிலிண்டரும் காலி. நானும் கொழுந்தனும் மாற்றி மாற்றி மிதித்தோம். கொஞ்சம் ஏறியதும் இன்வெர்ட்டரைப் போடுவோம். மெஷின் உறுமும், அவர் கண் திறப்பார், நாலு மூச்சு நல்லதாக இழுப்பார், அதற்குள் அது கத்திக்கொண்டே அணைந்துவிடும். மறுபடி மிதிப்போம். பேட்டரி நிரம்பட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. அடுப்பில் வைத்த பாலை ஸ்பூன் ஸ்பூனாக எடுத்து ஊட்டுகிற மாதிரி இருந்தது, பசி மட்டும் யானைப் பசி.

படகு ஏதாவது கிடைக்குமா பார்க்கிறேன் என்று கொழுந்தன் மறுபடி கீழே இறங்கினான். நான் ஏறி உட்கார்ந்தேன். புடவையை மடித்துச் செருகிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். எதிரே மழைக்குள் புகைபோக்கி வழக்கம்போலப் புகைந்துகொண்டிருந்தது. அங்கே ரோட்டார் சுற்றிக்கொண்டிருக்கிறது, இவர் துடைத்த ரோட்டார். அந்தக் கரண்ட் எங்கள் கூரைக்கு மேலே கம்பியில் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. நாசமாகப் போக என்று அதைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினேன். திட்டத் திட்டக் காலில் வேகம் வந்தது. ஒவ்வொரு மிதியும் கல்லை உருட்டுகிற மாதிரி கனத்தது, தொடை நடுங்கியது. கனமாக இருந்தால் போய்ச் சேருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் அவருடைய மூச்சு விட்டு விட்டுக் கேட்டது. திரும்பினால் வேகம் குறைந்துவிடும் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

திடீரென்று மிதி லேசாகிவிட்டது.

கிளாம்ப் மறுபடி வழுக்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். மிதித்துக்கொண்டே குனிந்து பார்த்தேன். தண்டு அசையாமல் நின்றது. போல்ட் அதன் இடத்தில் இருந்தது. வயர்களில் முறுக்கு இல்லை. கூடு மட்டும் சத்தமில்லாமல் பறந்தது. அப்போதுதான் திரும்பினேன்.

அவர் கட்டிலிலிருந்து ஒருக்களித்துக் கீழே கையை நீட்டியிருந்தார். பேட்டரியில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றி விரல்களுக்கிடையில் வைத்திருந்தார். அதைக் கழற்ற எவ்வளவு மூச்சு செலவானதோ, வாய் திறந்தபடியே இருந்தது. என்னைப் பார்த்தார். ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, மழைச் சத்தம். பெடலிலிருந்து காலை எடுத்தேன்.

"இப்ப லேசா கீதா?" என்றார்.

எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன் அவரிடம். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தியிருக்கிறேன். மாட்டுய்யா அத்த, யாரக் கேட்டுக் கழட்டுன என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன்.

"லேசா கீதுய்யா," என்றேன்.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். நான் இறங்கிப் போய்க் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, கிளிப்பை விரலிலிருந்து எடுத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டேன். நான் இறங்கிய பிறகும் சக்கரம் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க எதுவும் இல்லை.